வர்ஜீனியா செம்மண்ணில் ஈயக் குண்டு தேடுவோர் பலரின் அனுபவப் பகிர்வு

வர்ஜீனியாவின் கல்பெப்பர், பிராண்டி ஸ்டேஷன் பக்கம் அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் (1861-65) பொருள்களை மெட்டல் டிடெக்டரோடு தேடப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது மண்ணை. இரும்பு ஏறிய செம்மண் அது. சாதாரண விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும்) டிடெக்டருக்கு அந்த மண்ணே பெரிய சிக்னல். அரையடி ஆழத்தில் கிடக்கும் ஈயக் குண்டைக்கூடத் திரையில் இரும்புக்கு உரிய எண்ணாகக் காட்டிவிடும். இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு நடந்தால் குண்டும் ஆணியோடு சேர்ந்து மௌனமாகிவிடும். அதனால் அங்கே எண்ணைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டுத் தோண்டுங்கள்.

கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சிக்னலைக் கருவி கண்டுகொள்ளாதபடி திருத்துவதை, கையால் செய்யுங்கள். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை (கருவியின் அடியில் உள்ள தேடும் வட்டை) தரைக்கு ஓரங்குலம் மேலிருந்து ஓரடி உயரம் வரை ஏற்றி இறக்கி, இரண்டு திசையிலும் சத்தம் ஒன்றாகும் வரை திருத்த வேண்டும். மழை பெய்தால் மறுபடி. வயலிலிருந்து காட்டுக்குள் நுழைந்தால் மறுபடி. சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடாது, மண்ணின் இரைச்சல்தான் கூடும்.

* * *

மண்ணைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் அந்தப் பக்கம் பல்ஸ் இண்டக்ஷன் (விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பித் தேடும்) கருவிக்கு மாறுகிறார்கள். மண்ணின் இரும்பை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆனால் எது இரும்பு, எது ஈயம் என்று நம்பும்படி பிரித்தும் சொல்லாது. ஆணிகளையும் தோண்டத்தான் வேண்டும். கொஞ்சம் உதவுகிற சோதனை ஒன்று உண்டு: சிக்னல் வந்த இடத்தில் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். குண்டு, பட்டன் போன்றவை இரு திசையிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆணி ஒரு திசையில் ஒற்றையாகவும் மறு திசையில் இரட்டையாகவும் ஒலிக்கும். வளைந்த ஆணி மட்டும் இதிலும் ஏமாற்றும். மின்கம்பி அருகே இந்தக் கருவி அலறும். அலைவரிசையை மாற்றிப் பாருங்கள், அடங்காவிட்டால் அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

* * *

போர்க்களத்தைவிடக் குளிர்கால முகாம்தான் விஷயம் நிறைந்த இடம் என்பேன். 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் தோல்விக்குப் பிறகு, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வடபடையினர் (வட மாநிலங்களின் அரசுப் படை) வர்ஜீனியாவின் ஸ்டாஃபோர்ட் மாவட்டத்தில் குளிரைக் கழித்தார்கள். அடுத்த குளிர்காலம், 1863-64, கல்பெப்பரில். மரக்கட்டைக் குடிசைகள் வரிசை வரிசையாக நின்ற இடங்களில் இன்றும் சிறு பள்ளங்கள் தெரியும். பள்ளத்தின் ஒரு முனையில் கருகிய கல்லோ சுட்ட களிமண்ணோ இருந்தால் அது கணப்பு. உருகிச் சொட்டிய ஈயம், பட்டன், பெல்ட் கொக்கி எல்லாம் அதைச் சுற்றித்தான் அகப்படும். தெற்குப் பார்த்த சரிவும் அருகில் ஓடையும் உள்ள இடங்களை முதலில் நடந்து பாருங்கள்.

கிடைத்த குண்டை நிதானமாகப் படியுங்கள். மூன்று வளையம் உள்ள .58 அங்குல மினியே குண்டு (அந்தப் போரில் பரவலாகச் சுட்ட கூம்பு வடிவ ஈயக் குண்டு) ஏறக்குறைய 32 கிராம் இருக்கும். மழுங்காமல் முழுசாக இருந்தால் கீழே விழுந்தது. பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள் இருந்தால் சுடப்பட்டது. அவை துப்பாக்கிக் குழாயின் சுருள் பள்ளம் பதித்த தடம். மூக்கில் திருகாணித் துளை இருந்தால், மருந்து நனைந்தோ வேறு காரணத்தாலோ வெடிக்காத குண்டைக் குழாயிலிருந்து திருகி இழுத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் எங்கெங்கே விழுந்து கிடக்கின்றன என்பதுதான் சண்டை நடந்த வரிசையையும் முகாமின் எல்லையையும் காட்டிக் கொடுக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி ஜிப் பை, உள்ளே ஜிபிஎஸ் இடமும் ஆழமும் எழுதிய சீட்டு. 1984-ல் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் (1876-ல் அமெரிக்கப் படை பூர்வகுடிகளிடம் தோற்ற இடம்) தொல்லியலாளர்கள் இப்படி ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஏற்றியதால்தான், தோட்டா உறைகளின் அடிப்பகுதியில் துப்பாக்கியின் சுடும் ஊசி பதித்த தடத்தை வைத்துத் தனித்தனித் துப்பாக்கிகள் எங்கிருந்து எங்கே நகர்ந்தன என்று சொல்ல முடிந்தது. மேசைமேல் கொட்டி வைத்த குண்டுகள் அதைச் சொல்லாது.

புல்தரையில் தோண்டும்போது மூன்று பக்கம் மட்டும் வெட்டி, ஒரு பக்கம் வேரோடு விட்டு மடியுங்கள். மண்ணைத் துணிமேல் கொட்டி, அதே துணியால் திரும்பப் போட்டு மிதித்துவிடுங்கள். நில உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். தேசியப் பூங்காக் களங்களில் தோண்டுவது மட்டுமல்ல, டிடெக்டரைப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பதே குற்றம். மனித எலும்பு தென்பட்டால் அங்கேயே நிறுத்தி ஷெரிஃபுக்கு (மாவட்டக் காவல் அதிகாரி) சொல்ல வேண்டும்.

* * *

பீரங்கிக் குண்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அகலமான, கனத்த சிக்னல் வந்து, அடியில் உருண்டையாகவோ கூம்பாகவோ இரும்பு தெரிந்தால், கையை எடுங்கள். உள்ளே கருமருந்து இருக்கலாம். காற்றுப் புகாமல் அடைபட்டிருந்தால் 150 ஆண்டு கழித்தும் அது உயிரோடுதான் இருக்கும். நனைந்த மருந்துகூட உலர்ந்தால் மறுபடி பற்றும். சொந்தமாகத் துளை போட வேண்டாம், துரு போகத் தேய்க்க வேண்டாம், சூடு காட்டவே வேண்டாம். 2008-ல் வர்ஜீனியாவின் செஸ்டரில், உள்நாட்டுப் போர்க் குண்டில் வேலை செய்துகொண்டிருந்த அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். அவசர எண் 911-ஐ அழையுங்கள், வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள்.

* * *

சுத்தம் செய்வது பற்றிச் சுருக்கமாக. ஈயக் குண்டின் வெள்ளைப் படலம்தான் அதன் காப்பு. காய்ச்சி வடித்த நீரும் பல்குச்சியும் போதும். வினிகர் ஈயத்தை அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி நஞ்சு, கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். பட்டனைத் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும்.

குதிரை லாடம், கடிவாளம் போன்ற இரும்புக்கு மின்பகுப்பு, அதாவது நீரில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்குவது. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பொருளிலும் நேர்முனையைச் சாதாரண இரும்புத் தகட்டிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் கரைவது உங்கள் பொருள்தான். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மின் அவனில் முழுக்க உலர்த்தி, சூடு ஆறுமுன் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (பழம்பொருள் காக்கப் பூசும் நுண்படிக மெழுகு) பூசுங்கள். ஒருநாள் விட்டுவைத்தாலும் துரு மறுபடி பூக்கும்.