கவினின் கணக்கு (வீட்டுச் செய்திக் குழு, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

கவின், இரவு 8.10
எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். மார்ச்சில் உதவித்தொகை தள்ளிப்போனது, அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் வட்டிக்கு விடும் ஒருவரிடம் 1500 ரேண்ட் வாங்கினேன். துணிக்கடைக் கணக்கிலும் 2400 பாக்கி நிற்கிறது. அப்புறம், கணிதப் பாடத்தில் முதல் டெஸ்டில் 38 மார்க்.

முருகேசன், 8.13
என்னடா இது? மெட்ரிக் பள்ளியிறுதித் தேர்வில் 82 எடுத்த பிள்ளைக்கு 38-ஆ? படிக்கிற வயதில் உனக்கு எதற்குக் கடன்?

சாந்தா, 8.14
தம்பி, கொஞ்சம் பொறு. பிள்ளை வாய் திறந்ததும் அதட்டினால் அடுத்த தடவை நம்மிடம் சொல்லவே மாட்டான். உனக்கு வந்தது கோபமா பயமா, அதை முதலில் பார்.

முருகேசன், 8.21
பயம்தான் அக்கா. ஃபேக்டரியை மூடினபோது நானும் யாருக்கும் சொல்லாமல்தான் வாங்கினேன், அடைக்க நாலு வருடம் ஆனது. கவின், கத்தினது தப்பு, மனதில் வைக்காதே.

காயத்ரி, 8.26
மாமா, நேற்று இவனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினோம். கடன் தாளில் வட்டி மாதம் 75, கட்டணம் 60. போன மாதம் இவன் கட்டியது 150, அப்படியென்றால் அசலில் குறைந்தது வெறும் 15 ரேண்ட். இதைப் பார்த்த பிறகுதான் இவனுக்கே உறைத்தது. இது போன்ற சின்னக் கடனுக்குச் சட்டம் விடுவதே மாதம் 5 விழுக்காடு வரைக்கும்தான், அந்த 75 அதுதான். ஆனால் இன்னொன்று, கவின் நீயே சொல்.

கவின், 8.28
பேங்க் கார்டையும் பின் நம்பரையும் அவரே வைத்திருக்கிறார்.

காயத்ரி, 8.29
அது சட்டவிரோதம். 2005 தேசியக் கடன் சட்டப்படி கார்டையோ பின்னையோ அடையாள அட்டையையோ யாரும் பிடித்து வைக்கக் கூடாது. இப்போதே ஆப்பில் அந்தக் கார்டை நிறுத்து. நாளைக்குப் புதுக் கார்டு வாங்கிவிட்டு இரண்டு பேரும் அங்கே போவோம். கடனைக் கட்டத்தான் போகிறோம், ஆனால் முறைப்படி.

சாந்தா, 8.33
இந்த மாதம் ஸ்டோக்வெல் எனக்கு விழுகிறது, நம் ஊர் சீட்டு மாதிரிதான், 12 பேர் ஆளுக்கு 500 போடுகிறோம். அந்த 6000-இல் 1500 முதலில் இவனுக்கு. வட்டி வேண்டாம், மாதம் 250 திருப்பிக் கொடு, தேதி தவறும்போல் இருந்தால் முந்தின நாளே ஒரு மெசேஜ் போடு.

கவின், 8.35
சரி அத்தை, ஆறு மாதத்தில் தீர்த்துவிடுவேன்.

முருகேசன், 8.37
அந்த 38-க்கு என்ன வழி? கோபமாகக் கேட்கவில்லை.

கவின், 8.44
விடைத்தாளைத் திறக்கவே இரண்டு வாரம் ஆனது சித்தப்பா. பார்த்தால் சங்கிலி விதியில் உள்ளே இருக்கிற சார்பை வகையிட மறந்திருக்கிறேன், ஐந்து இடத்தில் அதே தவறு. பள்ளியில் டீச்சர் பக்கத்தில் நின்று காட்டுவார். இங்கே டுடோரியலில் கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

காயத்ரி, 8.47
நான் புள்ளியியலை இரண்டு தடவை எழுதினேன், அது நம் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அந்த ஐந்து கணக்கையும் எடுத்துப் போய் டியூட்டரிடம் காட்டு. "புரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாதே, "இந்த வரியில் தவறுகிறேன்" என்று காட்டு, அவருக்கும் சொல்லித்தர வசதியாக இருக்கும்.

அப்பா, 10.52
ஹார்பரில் ஷிஃப்ட், இப்போதுதான் பார்த்தேன். கடனை விட, என்னிடம் கேட்கக் கூசினாய் என்பதுதான் மனதைக் குடைகிறது. என் சம்பளத்தில் எதற்கு எவ்வளவு போகிறது என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டில் என் கணக்கையும் எழுதுவோம்.

கவின், 10.54
சரிப்பா. கார்டை நிறுத்திவிட்டேன்.

சாந்தா, 10.55
காலையில் சாப்பிடாமல் போகாதே.