ரூகர் 10/22-க்கு 150 டாலருக்குள்ள ஒரு ஸ்கோப்பு: எதை வாங்கறது?

கேட்டிக்காரன்:

வணக்கம் மக்களே. ஹூஸ்டன் பக்கத்துல கேட்டில இருக்கேன். கிரீன் கார்டு வந்த புதுசுல ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தர் கூட ரேஞ்சுக்குப் போய் ஆசை பிடிச்சுப்போய் போன மார்ச்ல ஒரு ரூகர் 10/22 கார்பைன் வாங்கினேன், .22 எல்ஆர்ங்கற குட்டித் தோட்டா போடறதுதான், பெரிய துப்பாக்கி எல்லாம் இல்ல. கூடவே வர்ற மடக்கு சைட்ட (குறி பாக்கற சின்னத் தகடு) வச்சு 25 யார்டுல ஓரளவுக்கு அடிச்சிடுவேன், 50 யார்டுக்குப் போனா கதை கந்தல். வயசு 47 ஆச்சு, பின் சைட்டு, முன் சைட்டு, டார்கெட்டு மூணுல ஏதாவது ஒண்ணுதான் தெளிவா தெரியுது.

அந்த ஃப்ரெண்டே பரண்ல கெடந்த பழைய 3-9×40 ஸ்கோப்பு (துப்பாக்கி மேல மாட்டற தொலைநோக்கி, 3-ல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக்கும், முன் லென்ஸு 40 எம்எம்) ஒண்ண சும்மா குடுத்தாரு. மான் வேட்டைத் துப்பாக்கில போட்டிருந்ததாம். நானே மாட்டி 50 யார்டுல ஜீரோ பண்ணினேன், அதாவது குறி வச்ச எடத்துலயே தோட்டா விழற மாதிரி திருகி வச்சேன். பிரச்சினை என்னன்னா ஒரு அஞ்சு ரவுண்டு ஒரு இஞ்சுக்குள்ள விழுது, அடுத்த அஞ்சு மூணு இஞ்சுக்குச் செதறுது. இன்னொண்ணு கவனிச்சேன், துப்பாக்கிய மணல் மூட்டைல அசையாம வச்சுட்டு தலைய மட்டும் கொஞ்சம் மேல கீழ ஆட்டினா கிராஸ்ஹேரு (ஸ்கோப்புக்குள்ள தெரியற கூட்டல் குறி) டார்கெட்டு மேல ஊர்ந்து போகுது!! ஸ்கோப்பு உள்ள ஏதோ ஒடஞ்சிருக்குன்னு நெனைக்கறேன்.

புதுசு வாங்கலாம்னு கடைக்குப் போனா அங்க இருந்த பையன் 6-24×50 ஒண்ண எடுத்து நீட்டி "இதுல நெலாவுல இருக்கற பள்ளம் கூட தெரியும் சார்"ங்கறான். எனக்கு நெலா வேணாம்பா. முக்கால்வாசி நேரம் 50 யார்டுல பேப்பரு, இரும்புத் தட்டு, எப்பவாச்சும் 100. குளிர்காலத்துல கிழக்கு டெக்சாஸ்ல அதே ஃப்ரெண்டோட பீக்கன் தோப்புல அணில் வேட்டைக்குக் கூப்பிடறாரு. (ஊர்ல அம்மா கிட்ட சொன்னேன், ராமர் தடவிக் குடுத்த அணிலையாடா சுடப்போறன்னு ஒரு வாரம் பேசல. இங்க இருக்கறதுக்கு மூணு கோடு கெடையாதும்மா, பூனைக்குட்டி சைஸு, தோப்பையே காலி பண்ணுதுன்னு சொல்லிப் பாத்தேன், எடுபடல.)

பட்ஜெட் 150 டாலர், ஸ்கோப்ப துப்பாக்கில பிடிச்சு நிறுத்தற ரிங்கோட சேத்து. என்ன வாங்கலாம்?

பழைய ரேஞ்சுக்காரன்:

கேட்டி தம்பி, ஸ்கோப்பு ஒடையல. தலைய ஆட்டினா கிராஸ்ஹேரு ஊருது பாருங்க, அதுக்குப் பேரு பாரலாக்ஸ். பஸ் ஜன்னல் கம்பிய வச்சு வெளிய இருக்கற பனைமரத்தப் பாத்துட்டு தலைய நகத்தினா மரம் கம்பிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகும்ல, அதே சமாச்சாரம்தான். ஸ்கோப்புக்குள்ள டார்கெட்டோட பிம்பமும் கிராஸ்ஹேரும் ஒரே தளத்துல விழணும், விழலைன்னா கண்ணு நகர நகர குறியும் நகரும்.

ரெண்டும் ஒரே தளத்துல விழற தூரம் ஒண்ணு இருக்கு, அத ஃபேக்டரிலயே செட் பண்ணி அனுப்பிடுவாங்க. மான் துப்பாக்கி மாதிரி சென்டர்ஃபயர் (தோட்டா அடில நடுவுல அடிச்சு வெடிக்கறது) ஸ்கோப்புன்னா பொதுவா 100 யார்டு, சிலது 150. ரிம்ஃபயர்னு (உங்க .22 மாதிரி தோட்டா விளிம்புல அடிச்சு வெடிக்கறது) எழுதி வர்றது 50 இல்லாட்டி 60 யார்டு. வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும், சில கம்பெனில ஒரே மாடல் பேர்லயே ரெண்டும் வருது, டப்பால "ரிம்ஃபயர்"ங்கற வார்த்தை இருக்கான்னு பாத்து வாங்கணும். உங்க ஃப்ரெண்டு குடுத்தது 100 யார்டுக்கு செட் பண்ணினது, நீங்க 50-ல சுடறீங்க, அவ்ளோதான் விஷயம்.

என்ன வாங்கலாம்னா என் சாய்ஸ் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, அதுல 2-7×32 ரிம்ஃபயர். 50 யார்டு பாரலாக்ஸ், உங்க பட்ஜெட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துடும். வாரன்டி அருமை, பில்லு கூட கேக்க மாட்டாங்க, செகண்ட் ஹேண்டா வாங்கினாலும் செல்லும். அதுக்கும் கீழ போகணும்னா சிம்மன்ஸ் 22 மேக் 3-9×32, பாதி வெல கூட ஆகாது, ரிங்கும் கூடவே வரும், ஆனா கண்ணாடி சுமார்தான், சாயங்காலம் மரத்தடி இருட்டுல எல்லாம் கழுவி வச்ச மாதிரி வெளுத்துத் தெரியும். லூபோல்டு விஎக்ஸ் ஃப்ரீடம் ரிம்ஃபயர் நல்ல சாமான், உங்க பட்ஜெட்ட தாண்டிடும். நிக்கான் ப்ரோஸ்டாஃப் ரிம்ஃபயர் எங்கயாச்சும் பழசு கெடச்சா கண்ண மூடிட்டு வாங்கலாம், அவங்க ரைஃபிள் ஸ்கோப்பு போடறதையே நிறுத்திட்டாங்க, அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டம்.

6-24 வேணவே வேணாம். 10/22 மேல அத மாட்டினா எலிக்குட்டி மேல யானைய ஏத்தின மாதிரி இருக்கும். கொறைஞ்சது 6 மடங்கு பெருசாக்கினா 15 யார்டு மரத்துல இருக்கற அணில ஸ்கோப்புல தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அது அடுத்த கவுண்டிக்குப் போயிடும்.

ஓஹையோ மச்சான்:

ரேஞ்சுக்காரர் அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு எடத்துல கணக்கு ஒதைக்குதே.

பாரலாக்ஸால மிஞ்சிப்போனா எவ்ளோ தப்பு வரும்னு ஒரு கணக்கு இருக்கு. முன்னாடி லென்ஸோட பாதி அளவ எடுத்துக்கங்க, 40 எம்எம் லென்ஸுக்கு 20. செட் பண்ணின தூரம் 100, சுடற தூரம் 50, வித்தியாசம் 50, அத 100-ஆல வகுத்தா பாதி. ஆக 20-ல பாதி, 10 எம்எம். கண்ணு ஒரு ஓரத்துல இருந்து எதிர் ஓரத்துக்குப் போனாக்கூட 20 எம்எம், அதாவது முக்கா இஞ்சுக்குச் சித்த மேல. அதுவும் படம் பாதி கருப்படிக்கற அளவுக்குத் தலை வெலகி இருந்தாத்தான். கேட்டி சொல்றது மூணு இஞ்சு. மீதி ரெண்டு இஞ்சு எங்க இருந்து வருது?

மச்சி, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவ பாரு. 10/22 மேல ஒரு பேஸ் (ரிங்கு வந்து உக்கார்ற பட்டை) இருக்கும், நாலு குட்டி ஸ்க்ரூ. ரிங்க கழட்டிட்டு அந்த நாலையும் தொட்டுப் பாரு. நாலுல ரெண்டு ஆடுனாலும் ஸ்கோப்பு ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு எடத்துல போய் உக்காரும். நான் இதே கூத்துல ஒரு கோடை முழுக்க ஓட்டினேன். பேர் சொல்ல விரும்பல, ஒரு சீப் ஸ்கோப்பு வாங்கி அது சரியில்லன்னு திருப்பி அனுப்பி, ரெண்டாவது வாங்கி அதையும் திருப்பி அனுப்பி, மூணாவது மாட்டும்போதுதான் பேஸே ஆடறத பாத்தேன், கடைக்காரர் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருந்துச்சு.

டைட் பண்ணும்போது பலத்த காட்டாத, 10/22-ஓட ரிசீவரு (பேஸ் மாட்டற துப்பாக்கி உடம்பு) அலுமினியம், மரை போச்சுன்னா போச்சு. ஸ்க்ரூவ ஆல்கஹால்ல தொடச்சு, நீலக் கலர் லாக்டைட் (ஸ்க்ரூ தளராம பிடிக்கற பசை) ஒரு பொட்டு வச்சு மாட்டு, பேஸுக்கு மட்டும்தான். ரிங்கு ஸ்க்ரூவுக்கு லாக்டைட் வேணாம், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து காட்டற ஸ்பேனர்) இருந்தா 15-ல இருந்து 18 இஞ்ச் பவுண்டு போதும்.

அப்பறம் தோட்டா. மொத்தமா பக்கெட்டுல வாங்கறதத்தானே போட்டுச் சுடற? அதுல 50 யார்டுல ரெண்டு இஞ்சு விழறதெல்லாம் சாதாரணம். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, மினி மேக், அப்பறம் வேற ரெண்டு மூணு, எல்லாத்துலயும் ஒவ்வொரு டப்பா வாங்கி ஒரே நாள்ல சுட்டுப் பாரு. .22-ல ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு, என்னது ஒண்ண சாப்பிடும், உன்னது அதையே துப்பும்.

கேட்டிக்காரன்:

ரெண்டு பேருக்கும் நன்றி. அண்ணே, பஸ் ஜன்னல் உதாரணம் சூப்பர், பையனுக்கும் அதையே சொல்லிக் குடுத்துட்டேன். மச்சான், ஸ்க்ரூவ இந்த சனிக்கிழமை பாக்கறேன்.

இன்னொரு சந்தேகம், ஜீரோ பண்றப்போ ரெண்டு இஞ்சு கீழ விழுந்துச்சு, டப்பால ஸ்கோப்பு திருகோட ஒரு க்ளிக்குக்கு கால் இஞ்சுன்னு போட்டிருந்ததால எட்டு க்ளிக் திருகினேன், ஒரு இஞ்சுதான் மேல வந்துச்சு. இதுவும் ரிப்பேரா?

பழைய ரேஞ்சுக்காரன்:

ரிப்பேரு இல்ல தம்பி, கால் இஞ்சுங்கறது 100 யார்டுல. 50-ல அதுல பாதி, அரைக்கால் இஞ்சு. 25-ல அதுலயும் பாதி. ரெண்டு இஞ்சு ஏத்தணும்னா 50-ல 16 க்ளிக், 25-ல 32. எட்டுக்கு ஒரு இஞ்சு வந்திருக்குன்னா உங்க ஸ்கோப்பு கணக்கா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம், இப்ப எனக்கே மச்சான் சொல்ற ஸ்க்ரூ மேலதான் சந்தேகம். கணக்கு விஷயத்துல அவர் சொன்னது நியாயம், நான் பாரலாக்ஸ்னு ஒரே குதி குதிச்சுட்டேன்.

50-லயே ஜீரோ வச்சுக்கங்க. 25 யார்டுலயும் கிட்டத்தட்ட அதே எடத்துலதான் விழும், அணிலுக்குத் தனியா எதுவும் மாத்த வேணாம். 100-க்குப் போனா தோட்டாவப் பொறுத்து ஆறேழு இஞ்சு கீழ எறங்கும், அதுக்கு க்ளிக்கு ஏத்திக்கங்க, இல்லன்னா மேல பிடிங்க.

மதுரை ஏர்கன்:

நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். நம்மகிட்ட இருக்கறது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், .177 இஞ்சு குண்டு, இங்க சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேணாம்ல, அது. மொட்டை மாடில 10 மீட்டர், தோப்புல 25 மீட்டர், பேப்பரும் டப்பாவும்தான். அந்த 2-7×32 ரிம்ஃபயர் இதுக்கு சரிப்படுமா? கேட்டி அண்ணே பொங்கலுக்கு ஊருக்கு வந்தா ஒண்ணு கொண்டாரலாமே 😀

ஓஹையோ மச்சான்:

மதுரை தம்பி, ரெண்டுக்கும் வேணாம்னுதான் சொல்வேன்.

ஒண்ணு, ஸ்பிரிங் துப்பாக்கி ஸ்கோப்புக்கு எமன். சத்தம் இல்லையே, அதிர்ச்சியும் கம்மியா இருக்கும்னு நெனைக்காத. உள்ள பிஸ்டன் முன்னாடி ஓடறப்போ துப்பாக்கி பின்னாடி வரும், பிஸ்டன் போய் முட்டினதும் துப்பாக்கி சடார்னு முன்னாடி இழுக்கும். சாதா ஸ்கோப்ப பின்னாடி வர்ற ஒதைய மனசுல வச்சுத்தான் பண்ணியிருப்பாங்க, இந்த முன்னாடி இழுப்புல கிராஸ்ஹேரு கழண்டுக்கும். பெரிய மான் துப்பாக்கில வருஷக்கணக்கா ஒழைச்ச ஸ்கோப்பு ஸ்பிரிங் ஏர்கன்ல ஒரு மாசத்துல செத்த கதை எல்லா ரேஞ்சுலயும் உண்டு. ஏர்கன்னுக்குன்னே வர்றத வாங்கு, முன் லென்ஸ திருகி பாரலாக்ஸ 10 மீட்டருக்குக் கொண்டாரக்கூடிய ஏஓ இருக்கணும், 50 யார்டு ரிம்ஃபயர்ல 10 மீட்டரப் பாத்தா புகையடிச்ச மாதிரி இருக்கும். மவுன்ட்டு ஒரே பீஸா, பின்னாடி நழுவாம இருக்க ஸ்டாப் பின்னு வச்சதா பாரு.

ரெண்டாவது, ரைஃபிள் ஸ்கோப்பு இங்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுல இருக்கற பொருள். பொட்டிக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போறதுக்கு ஐஃபோன் இல்ல அது, பர்மிட் இல்லாம கொண்டு போய் கோர்ட்டு வரைக்கும் போனவங்க இருக்காங்க. கேட்டிய மாட்டி விட்றாத, அங்கயே ஏர்கன் விக்கற கடைல வாங்கிக்க.

மதுரை ஏர்கன்:

அய்யோ, விளையாட்டுக்குக் கேட்டேன்ணே. விட்ருங்க.

கேட்டிக்காரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, ஆபீஸ்ல ரிலீஸு.

மச்சான், உங்க வாய்க்குச் சக்கரை. பேஸுல பின்னாடி இருந்த ரெண்டு ஸ்க்ரூவும் விரல்லயே சுத்துச்சு. சத்தியமா நான் டைட் பண்ணினதாத்தான் ஞாபகம். தொடச்சு, லாக்டைட் வச்சு, ஒரு நாள் விட்டுட்டு ரேஞ்சுக்குப் போனேன். அதே பழைய மான் ஸ்கோப்பு, அதே பக்கெட் தோட்டா, 50 யார்டுல ஒன்றரைல இருந்து ஒன்னே முக்கா இஞ்சு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போட்டா இஞ்சுக்குள்ளயே வருது. மூணு இஞ்சு செதறல் சுத்தமா காணோம். கன்னத்த கட்டைல ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல வச்சுப் பழகினதுல கிராஸ்ஹேரு ஊர்றதும் தொல்லையாத் தெரியல.

அப்போ 150 டாலர் மிச்சம்னு சந்தோஷமா தோப்புக்கு ஒரு நாள் சும்மா பாத்துட்டு வரலாம்னு போனோம். அங்கதான் சனியன். காலைல மரத்துக்கு அடில நின்னு மேல பாத்தா 15, 20 யார்டுதான் இருக்கு, 3-ல வச்சாக்கூட அணிலு தெளிவில்லாம தெரியுது, 9-ல வச்சா வாலா கெளையான்னே தெரியல. மச்சானோட கணக்கையே 20 யார்டுக்குப் போட்டுப் பாத்தேன், 16 எம்எம் வருது, அண்ணாந்து பாக்கறப்ப கன்னம் ஒரு எடத்துல நிக்கவும் மாட்டேங்குது. அணிலுக்குத் தலையே ஒன்றரை இஞ்சுதான் இருக்கும், காயப்படுத்தி விட்டா பாவம்ல.

அதனால பேப்பருக்கு ஒண்ணும் வாங்கத் தேவையில்ல, அணிலுக்கு வேணும்னு ஆயிடுச்சு. ரேஞ்சுக்காரர் அண்ணே சொன்ன 2-7×32 ரிம்ஃபயரையே ஆர்டர் பண்ணிட்டேன். ரிங்கு எந்த ஒசரம் வாங்கறது? லோவா, மீடியமா?

பழைய ரேஞ்சுக்காரன்:

32 எம்எம் லென்ஸுக்கு லோ ரிங்கே போதும், முன்னாடி குழல்ல அந்த மடக்கு சைட்டு இடிக்காம படுத்திருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. 10/22-ல போல்ட்டு கைப்பிடி மேல தூக்கற வேலை இல்லாததால பின்னாடி எடப் பிரச்சினை கெடையாது, ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியத் தூக்கி இழுக்கற சிஇசட் மாதிரி போல்ட் ஆக்‌ஷன்னா வேற கதை. ரிங்கு வாங்கறதுக்கு முன்னாடி பேஸ பாத்துக்கங்க, 10/22 கூட வர்றதுல பழைய .22 டவ்டெயில் ரிங்கும் உக்காரும், வீவர் ரிங்கும் உக்காரும். வீவரே வாங்கிடுங்க, பிடிப்பு நல்லா இருக்கும்.

மரத்து மேல சுடறப்போ ஒண்ணு. அணிலுக்குப் பின்னாடி தண்டு இருந்தா மட்டும் சுடுங்க, வெறும் வானம் தெரிஞ்சா விட்ருங்க. .22 குட்டித் தோட்டாதான், ஆனா ஒரு மைலுக்கு மேல போகும்.

ஓஹையோ மச்சான்:

பேஸு ஸ்க்ரூ 👆 மறுபடி ஒரு தடவை பாத்துட்டு மாட்டு. அந்த மான் ஸ்கோப்ப ஃப்ரெண்டு கிட்ட திருப்பிக் குடுத்துடாத, 100 யார்டு இரும்புத் தட்டுக்கு அதுதான் சரி. அம்மா பேசிட்டாங்களா?

கேட்டிக்காரன்:

பேசிட்டாங்க. இப்ப, சுட்டா சமைச்சாவது சாப்பிடு, வீணாக்காதங்கறாங்க.