யொரூபா சிலைல தலை ஏன் அவ்ளோ பெருசு?

கேள்வி: நைஜீரியாவுல இருக்கற யொரூபா இன மக்களோட மரச்சிற்பங்கள் பாத்துட்டு இருந்தேன், மொத்த உயரத்துல கால்வாசி தலையே இருக்கு, இது விதி நம்பிக்கையால வந்ததா?

பதில்: ஆமாங்க. தலைய ‘ஒரி’ன்னு சொல்வாங்க, வெளித்தலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உள்தலை ஒண்ணு இருக்கு, அதுதான் விதி. பொறக்கறதுக்கு முன்னாடி அஜாலாங்கற குயவர் வனைஞ்சு வச்ச தலைகள்ல ஒண்ண நாமளே பொறுக்கி எடுத்துட்டு வர்றோம், ஆனா எது நல்லா வெந்தது எது விரிசல் விட்டதுன்னு வெளிய பாத்தா தெரியாது. எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இது!

கேள்வி: அப்போ எல்லாமே தலையெழுத்துதானா?

பதில்: இல்லங்க, ‘எஸெ’ன்னு காலையும் சேத்துதான் சொல்வாங்க, அதாவது முயற்சி, கால் நடக்கலேன்னா நல்ல தலையும் வீண்தான். உள்தலைக்குன்னு கூம்பு மாதிரி ஒரு உருவம் செஞ்சு சோழி தச்சு, அதுக்கு தனியா சோழி வச்ச வீடும் செஞ்சு வழிபடுவாங்க.