மகளுக்கு மாதம் 500 யூரோ: அனுப்புகட்டணம் இல்லாமல் வழி உண்டா?

குடமுருட்டி
பாபநாசம் பக்கம் நாலரை ஏக்கர் நஞ்சை எனக்கு. மகள் ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. விசாவுக்காக முதல் ஆண்டுப் பணம் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் மொத்தமாகக் கட்டிவிட்டோம். அதிலிருந்து மாதம் 992 யூரோ அவள் கைக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அது தீர்ந்துவிட்டது. இப்போது பகுதிநேர வேலையில் பாதியை அவள் பார்த்துக்கொள்கிறாள், மாதம் 500 யூரோ நான் அனுப்ப வேண்டும்.

போன மாதம் அனுப்பியதில் வயிறு எரிகிறது. செய்தியில் யூரோ 104 ரூபாய், வங்கி எனக்குப் போட்டது 106.50. அனுப்புகட்டணம் 500, அதன்மேல் வரி 90. நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி 96. இத்தனையும் கொடுத்த பிறகு மகளுக்குப் போய்ச் சேர்ந்தது 485 யூரோ. பதினைந்து யூரோ எங்கே போயிற்று என்று கிளையில் கேட்டால், 'நடுவில் பிடித்திருப்பார்கள்' என்கிறார்கள். நடுவில் யார்? மாதாமாதம் இந்தக் கட்டணத்தைக் கட்டாமல் அனுப்ப யாருக்காவது வழி தெரியுமா?

வலங்கைமான் வாத்தியார்
ஐயா, நீங்கள் 590 ரூபாய்க்கு அழுகிறீர்கள். 1,250 ரூபாய் போனதைக் கவனிக்கவில்லை. 104க்கும் 106.50க்கும் இடைவெளி இரண்டரை ரூபாய், 500 யூரோவுக்கு 1,250. ரசீதில் அதற்கு ஒரு வரி கிடையாது. 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்களும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், கட்டணத்தை விடுங்கள். நம் கையிலிருந்து எத்தனை ரூபாய் போனது, பிள்ளை கையில் எத்தனை யூரோ வந்தது, இந்த இரண்டு எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள்.

ராஜமன்னார்குடி
என் மகன் குடும்பம் சிங்கப்பூரில். பேத்தியின் பிறந்தநாளுக்கு, பள்ளிச் செலவுக்கு என்று அவ்வப்போது இங்கிருந்து அனுப்புகிறேன். நம் யுபிஐயையும் அதே மாதிரி அவர்கள் ஊரில் இருக்கும் பேநவ்வையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைத்தார்கள். கைபேசி எண்ணைப் போட்டால் நொடியில் போய்விடுகிறது. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை. உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு என்ற இரண்டுக்கும்தான் அனுமதி. தொடக்கத்திலேயே இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இதில் சேர்ந்துவிட்டன, நம் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் கிளை இல்லாத ஊர் குறைவு. இதைப் பாருங்களேன்.

குடமுருட்டி
நன்றி ஐயா. ஆனால் மகள் இருப்பது சிங்கப்பூரில் இல்லையே.

வெண்ணாறு
எல்லோரும் ஏன் மூக்கைச் சுற்றித் தொடுகிறீர்கள்? என் தம்பியும் ஜெர்மனியில்தான் படிக்கிறான். என் அத்தை மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறார், அத்தை திருத்துறைப்பூண்டியில் தனியாக இருக்கிறார். அவர் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும், நான் தம்பிக்கு அனுப்ப வேண்டும். அவர் அங்கிருந்தே தம்பி கணக்கில் 500 யூரோ போடுகிறார். யூரோ நாடுகளுக்குள் அது உள்ளூர்ப் பரிமாற்றம், காசு செலவில்லை. நான் பஸ் ஏறிப் போய் அத்தை கையில் 52,000 கொடுக்கிறேன். செய்தியில் வரும் விலையேதான். வங்கிக்கு ஒரு பைசா இல்லை. இரண்டு ஆண்டாக நடக்கிறது. குடமுருட்டி அண்ணன், உங்கள் சொந்தத்தில் ஐரோப்பாவில் யாராவது இருப்பார்கள், தேடுங்கள்.

கும்பகோணம் கணக்கர்
வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் பதினோரு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி வெண்ணாறு, நீங்கள் எழுதியதற்குப் பெயர் உண்டியல். கோயில் உண்டியல் இல்லை, இன்னோர் உண்டியல். வெளிநாட்டில் இருக்கிறவரின் சார்பாக இங்கே பணம் கை மாறுவதும், அதற்கு ஈடாக அங்கே அந்நியப் பணம் கை மாறுவதும், இரண்டுமே 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுப்பவை. மாட்டினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். 1973ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஆளைச் சிறைக்கு அனுப்பும். இது பெரும்பாலும் பணத்தோடு நிறுத்திக்கொள்கிறதே என்று வேண்டுமானால் மகிழ்ந்துகொள்ளுங்கள்.

வாத்தியார் ஐயாவுக்கும் ஒரு திருத்தம். இடைவெளிதான் பெரிய திருடன் என்றீர்கள். குடமுருட்டியாரின் கணக்கில் அப்படி இல்லை. கட்டணமும் அதன் வரியும் 590. வழியில் காணாமற்போன 15 யூரோ, 106.50 வீதம் கிட்டத்தட்ட 1,600. ஆக ஒரு முறை அனுப்பினால் 2,190 ரூபாய், 500 அனுப்பினாலும் 5,000 அனுப்பினாலும் ஏறக்குறைய அதேதான். இடைவெளி 1,250தான். சின்னத் தொகையை அடிக்கடி அனுப்புகிறவரைத் தின்பது நிலையான செலவு. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அந்தப் பதினைந்து யூரோவின் கதை: நம் வங்கிக்கு அந்த ஜெர்மன் வங்கியோடு நேரடிக் கணக்கு இருக்காது. நடுவில் ஒரு முகவர் வங்கி வழியாக ஸ்விஃப்ட் என்ற, வங்கிகளுக்கிடையேயான செய்தி போகும், அது தன் கூலியை எடுத்துக்கொள்ளும். விண்ணப்பத்தில் ஓயுஆர், ஷா, பென் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாவதில் எல்லாச் செலவும் அனுப்புகிறவருடையது, முழுத்தொகை போய்ச் சேரும். இரண்டாவதில் நம் வங்கியின் கட்டணம் அனுப்புகிறவருடையது, மற்றது பெறுகிறவருடையது. மூன்றாவதில் எல்லாம் பெறுகிறவர் தலையில். கிளையில் கேட்காமலே ஷாவில் குறியிட்டு அனுப்பியிருப்பார்கள்.

வலங்கைமான் வாத்தியார்
தவற்றை ஒப்புக்கொள்கிறேன். 2,190ஐ விட்டுவிட்டு 1,250ஐப் பெரிதென்றேன். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பினாலும் இடைவெளி கூடவே வரும், அது தொகையோடு வளரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வெண்ணாறு
கணக்கர் ஐயா, என் அத்தைக்கு நான் பணம் கொடுப்பது குற்றமா? அவர் மருந்துக்குக் கொடுத்தால், கூரை மாற்றக் கொடுத்தால்? அத்தை மகன் என் தம்பிக்கு உதவுவது குற்றமா? சொந்தபந்தம் என்றால் இதுதானே. எந்த ஊர்ச் சட்டம் இது?

கும்பகோணம் கணக்கர்
அத்தைக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அத்தை மகன் தன் சம்பளத்திலிருந்து உங்கள் தம்பிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று ஆகும்போதுதான் வம்பு. 'இந்த மாதம் 500, அதற்கு 52,000' என்று நீங்களே மேலே எழுதிவிட்டீர்கள். அது பாசம் இல்லை தம்பி, பேரேடு.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இங்கே இருக்கிறவர் வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு ரூபாயாகவே அன்பளிப்பு கொடுக்கலாம், அவருடைய என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வாழ்கிறவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில், போடலாம். நெருங்கிய உறவினர் யார் என்பதற்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் பட்டியலைப் பார்ப்பார்கள். பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் உண்டு. அத்தை மகன் இல்லை. நம் ஊரில் பெண் கேட்கும் முதல் உரிமை அவனுக்கு, சட்டத்துக்கு அவன் யாரோ.

சபுராளி
கணக்கர் காக்காவின் பேச்சைக் கேளுங்கள் தம்பி. அதிராம்பட்டினத்துக்காரன் நான், வளைகுடாவில் பதினெட்டு வருடம். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். எங்கள் தெருவில் உண்டியல் என்பது திட்டுவதற்கான சொல்லாக ஒருகாலமும் இருந்ததில்லை. அங்கே திர்ஹம் கொடுத்தால் லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவில் வீட்டு வாசலில் ரூபாய் வந்துவிடும். வங்கி விலையைவிட நல்ல விலை. படிக்காத என் உம்மாவுக்குப் படிவம் நிரப்பும் வேலை இல்லை. அது கெட்டது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சிரிப்பு நின்றது என் மருமகனால். அவனுக்கு உண்டியலில் 40,000 வர வேண்டியிருந்தது. கையில் தராமல் கணக்கிலேயே போடுகிறோம் என்றார்கள், போட்டார்கள். யாரோ ஒருவர் பெயரிலிருந்து வந்தது. மூன்று வாரம் கழித்து அவனுடைய கணக்கு முடங்கியது. வட மாநிலம் ஒன்றில் யாரையோ இணைய மோசடியில் ஏமாற்றிப் பறித்த பணம் நாலு கணக்கு மாறி அவனிடம் வந்திருக்கிறது. அங்குள்ள காவல்துறை முடக்கச் சொல்லிவிட்டது. சம்பளம், மனைவியின் நகைக்கடன் தவணை எல்லாம் அந்த ஒரே கணக்கில். ஏழு மாதம் அலைந்தான். மிச்சப்படுத்தியது எவ்வளவு என்று கேட்டேன். அறுநூறு ரூபாய் என்றான்.

வெண்ணாறு
அது முகம் தெரியாத தரகர் கதை காக்கா. நான் கொடுப்பது அத்தை கையில். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

சபுராளி
வைக்கவில்லை. எங்கள் தெருவிலும் முதலில் எல்லாம் சொந்தக்காரர்கள்தான் தம்பி.

அரிசிலாறு
நான் பிரான்சில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுத் திரும்பியவள். பெறுகிற பிள்ளையின் பக்கத்திலிருந்து யாருமே பேசவில்லை.

பயண அட்டை என்று ஒன்று உண்டு. இங்கே அப்பா யூரோவாக ஏற்றுவார், அங்கே கடையில் தேய்த்தால் தனிக்கட்டணம் கிடையாது. முகவர் வங்கிக் கூலியும் இல்லை. ஆனால் ஏற்றும்போது அதே இடைவெளி உண்டு, ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் பிடிப்பார்கள். வாடகையை அட்டையில் வாங்க மாட்டார்கள், வங்கிப் பரிமாற்றம்தான் கேட்பார்கள். மளிகைக்கு அட்டை, வாடகைக்குக் கணக்கு என்று பிரித்துக்கொண்டேன். அப்பாவின் சாதாரண ரூபாய் டெபிட் அட்டையை மட்டும் கொண்டுபோய்த் தேய்த்துவிடாதீர்கள். 3, 3.5 சதவீதம் என்று மேலே ஏறும், அதற்கும் வரி.

ஒவ்வொரு முறையும் நிலையான செலவு என்றால் மொத்தமாக அனுப்புவதுதான் லாபம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். இருபத்திரண்டு வயதில் கையில் ஆறு மாதப் பணம் 3,000 யூரோவோடு உட்கார்ந்திருப்பது சுலபம் இல்லை ஐயா. நான் முதல் அரையாண்டுப் பணத்தை நாலு மாதத்தில் தீர்த்துவிட்டு, வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மாதம் ரொட்டியும் முட்டையுமாக ஓட்டினேன். அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும்: வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் படிப்புச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று சான்று கேட்பார்கள். அன்று கணக்கில் ஒரு தொகை நிற்பது நல்லது. குடமுருட்டி ஐயா, மகளுக்கு அனுமதி எப்போது முடிகிறது என்று முதலில் கேளுங்கள்.

குடமுருட்டி
கேட்டேன் அம்மா. ஏப்ரலில் முடிகிறது. நல்ல வேளை நினைவூட்டினீர்கள்.

என் தொல்லை வேறு மாதிரி. எனக்கு மாதச் சம்பளம் இல்லை. குறுவை விற்றால் ஒருமுறை, சம்பா விற்றால் ஒருமுறை. நடுவில் மாதம் 53,000 புரட்ட நகை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வட்டியையும் சேர்த்தால் இந்தக் கட்டணமெல்லாம் தூசு. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

வலங்கைமான் வாத்தியார்
அப்படியானால் விடை உங்கள் வயலிலேயே இருக்கிறது. பணம் வரும்போது அனுப்புங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, 3,000 வீதம். ஆண்டில் பன்னிரண்டு முறைக்குப் பதில் இரண்டு முறை, மிச்சம் பத்து முறைக்கு 2,190 வீதம் 21,900. மகள் அந்தப் பணத்தைத் தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்து, மாதம் 500 தன் நடப்புக் கணக்குக்குத் தானாக வருமாறு வங்கியில் சொல்லிவிடட்டும். முடக்கக் கணக்கு செய்த வேலையைத் தானே செய்துகொள்ளலாம்.

கும்பகோணம் கணக்கர்
இதற்கு நானும் உடன்படுகிறேன். கூடவே இரண்டு செய்திகள். மூன்று லட்சம் தாண்டும் தொகை என்றால் பலகையில் எழுதிய விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளை மேலாளர் தலைமை அலுவலகத்தின் கருவூலப் பிரிவைக் கேட்டு விலை குறைத்து வாங்கித் தர முடியும். கேட்காதவருக்குக் கிடைக்காது. கும்பகோணத்தில் இரண்டு, மூன்று இடத்தில் ஒரே நாள், ஒரே மணிக்கு விலை கேளுங்கள், காலை விலையும் மாலை விலையும் ஒன்றில்லை.

அடுத்து டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கியே பிடித்துக் கட்டும் வருமான வரி. முதல் ஆண்டு உங்களிடம் பிடித்திருப்பார்களே?

குடமுருட்டி
பிடித்தார்கள். இருபதாயிரத்துச் சொச்சம். அதையும் கட்டணம் என்றுதான் நினைத்துத் தொலைத்துவிட்டேன்.

கும்பகோணம் கணக்கர்
தொலைக்கவில்லை. அது உங்கள் பான் எண்ணில் முன்கூட்டியே வரவு வைத்த வரி. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்திருப்பீர்கள், தாக்கல் செய்தால்தான் திரும்பும். கெடு தாண்டிவிட்டதா என்று தணிக்கையாளரைப் பாருங்கள், இன்றே. ஆண்டுக்கு ஓர் எல்லையைத் தாண்டி அனுப்பினால்தான் பிடிப்பார்கள், அன்று அந்த எல்லை 7 லட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம். 6,000 யூரோவுக்கு 6.4 லட்சம்தான் வரும், ஆகவே இனிமேல் உங்களைத் தொடாது. ஆளுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்ற உச்சவரம்பும் உண்டு, நமக்கு அதைப் பற்றி என்ன கவலை.

வெண்ணாறு
நான் என் வழியை மாற்றப்போவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் 52,000 என்று இனி பொதுவில் எழுத மாட்டேன்.

கும்பகோணம் கணக்கர்
எழுதியது போதாதா.

குடமுருட்டி
நேற்றுக் கும்பகோணம் போனேன். ஒரே முற்பகலில் மூன்று வங்கி. 3,000 யூரோ என்றதும் ஓர் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள், 500க்குப் போனபோது நின்றுகொண்டே பேசினேன். செய்தியில் விலை அதே 104. கேட்டு வாங்கிய விலை 104.80. ஓயுஆர் கட்டத்தில் குறியிட முடியுமா என்றேன், மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, முடியும், அதற்குக் கூடுதலாக ஆகும் என்று தொகையை எழுதிக் காட்டினார். பதினைந்து யூரோவைவிடக் குறைவுதான்.

கைகுலுக்கி வந்துவிட்டேன், பணம் கட்டவில்லை. சம்பா மூட்டை இன்னும் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள், மூன்று நாளாகச் சாலையில் கொட்டிக் காயவைக்கிறேன், மேகம் வேறு மூட்டமாக இருக்கிறது. எடை போட்டு, கணக்கில் வரவாகி, பிறகுதான் கும்பகோணம். மகளுக்கு 1ஆம் தேதி வாடகை. ஆகவே இந்த மாதமும் பாபநாசத்திலேயே 500, 590 கட்டணத்தோடு.