பருத்தி இறக்குமதி வரியை நீக்க நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லையா?

கேள்வி – பெரம்பலூர் விவசாயி:
மானாவாரியில் பருத்தி பயிரிடும் குடும்பம் எங்களுடையது. இறக்குமதிப் பருத்திக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். வரி விதிப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்றே படித்திருக்கிறேன். அப்படியிருக்க, இது அவையின் ஒப்புதல் இல்லாமல் எப்படி நடந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – சுங்கச் சட்டப் பணியாளர்:
ஐயா, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்று அரசமைப்பின் 265ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் விதித்த வரியை விலக்கும் அதிகாரத்தை, 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மூலம் நாடாளுமன்றமே மத்திய அரசிடம் கொடுத்துவைத்திருக்கிறது. பொதுநலன் கருதி அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால் விலக்கு நடைமுறைக்கு வந்துவிடும். அந்த அறிவிக்கையை இரு அவைகளின் முன்பும் வைக்க வேண்டும் என்கிறது 159ஆம் பிரிவு. அவைகள் கூடியிருக்கும் நாள்களில் மொத்தம் 30 நாள் அது அவற்றின் முன் இருக்க வேண்டும்; அதற்கடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரண்டும் ஒத்த முடிவெடுத்தால் அதைத் திருத்தலாம், நீக்கலாம். யாரும் எழுப்பாவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் சட்டத்தின் அட்டவணையில் குறித்துள்ள விகிதத்துக்கு மேல் வரியை அவசரமாக உயர்த்துவதானால் முறை வேறு. 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 8ஏ பிரிவின்படி, அறிவிக்கை மக்களவையில் வைக்கப்பட்ட நாளிலிருந்து 15 நாள்களுக்குள் அரசே தீர்மானம் கொண்டுவந்து ஒப்புதல் பெற முயல வேண்டும். அட்டவணைக்குள் அடங்கும் ஏற்ற இறக்கத்துக்கு அதுவும் தேவையில்லை. கச்சா பாமாயிலின் அடிப்படை வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக உயர்ந்ததும் 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைந்ததும் இந்த வழியில்தான்.

வரியை உயர்த்தினால் வாங்குவோருக்குச் சுமை என்பதால் அங்கே கடிவாளம் போட்டவர்கள், குறைத்தால் விளைவிப்பவருக்கு விழும் அடியைக் கணக்கில் எடுக்கவில்லை. இது சட்டத்தின் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

மறுமொழி – நூற்பாலை ஊழியர், கோவை:
உங்கள் வருத்தம் நியாயமானது. எனினும், ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்த நிலையில், திருப்பூர் ஆடை ஏற்றுமதியாளர்களுக்குக் குறைந்த விலையில் நூல் கிடைக்காவிட்டால் ஆர்டர்கள் வேறு நாடுகளுக்குப் போய்விடும் என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. மாதக்கணக்கில் விவாதத்துக்குக் காத்திருக்க ஆலைகளால் முடியாது.

மறுமொழி – பெரம்பலூர் விவசாயி:
இருவருக்கும் நன்றி. ஆலைகள் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் அறிவிக்கை வந்தபின் மழைக்காலக் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 21இல் முடிந்துவிட்டது. நீட்டிப்பு வந்தபோது அவையே கூடியிருக்கவில்லை. அடுத்த கூட்டத்தொடரிலாவது, 8ஏ பிரிவில் உள்ளதுபோல விலக்குக்கும் 15 நாள் தீர்மானத்தைக் கட்டாயமாக்கும் திருத்தத்தைக் கோருமாறு எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரம் கடிதம் எழுதுகிறேன்.