நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு: மருந்து அடிக்கலாமா, விடலாமா?

பண்ணைக்காட்டான்:
காப்பித் தோட்டத்து ஓரம் வெயில் படுகிற இடத்தில், வீட்டில் எடுத்து வைத்த நாட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். முழங்கால் உயரம் வந்துவிட்டது. குருத்தெல்லாம் ஓட்டை, உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம். பக்கத்துத் தோட்டத்தில் ஹைபிரிட்டுக்கு மருந்துக்கு மேல் மருந்து அடிக்கிறார்கள். அப்பா "நாட்டு ரகம் தாங்கும், விடு" என்கிறார், கடைக்காரரோ இன்றைக்கே அடிக்கச் சொல்கிறார். என்ன செய்ய?

ஒட்டன்சத்திரம் விவசாயி:
படைப்புழுதான் தம்பி. ஒன்றைப் பிடித்துப் பாருங்கள், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருக்கும். நாட்டு ரகத்துக்கு இது வராது என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். இந்தப் புழு இந்தியாவில் தென்பட்டதே 2018இல்தான், தாத்தா காலத்து விதைக்கு இது புது எதிரி. புழு சின்னதாக இருக்கும்போதே எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (தண்ணீரில் கரையும் குருணைப் பூச்சிமருந்து), லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம், குருத்துக்குள் இறங்குகிற மாதிரி சாயங்காலம் அடியுங்கள்.

கோத்தகிரி அக்கா:
புழு வராது என்பது வேறு, வந்த பிறகும் கதிர் பிடிப்பது வேறு. அப்பா சொல்வது இரண்டாவது, அதில் விஷயம் இருக்கிறது. தோகை கிழிந்தாலும் உள்ளே வளரும் நுனி தப்பியிருந்தால் செடி தேறிவிடும். பல நாட்டு ரகங்களில் கதிரின் உறை நுனி வரை இறுக்கமாக மூடியிருக்கும், அதனால் புழுவும், அறுத்து வைத்த பிறகு வண்டும் நுழைவது சிரமம். ஆனால் அதெல்லாம் கதிர் வந்த பிறகு. இளந்தோகையில் டிம்போவா என்று புழுக்களுக்கு ஆகாத ஒரு பொருள் உண்டு, மற்றப் புழுக்களைத் தடுக்கும், இந்தப் படைப்புழு மட்டும் அதையும் செரித்துவிடுகிறது!

அதனால் நூறு செடி எண்ணுங்கள். புழு பிடித்த செடி பத்துக்குக் கீழே என்றால் கையால் நசுக்கிவிட்டு, ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போட்டால் போதும். மீறினால்தான் மருந்து. பழைய ஓட்டையைப் பார்த்து அடிப்பது காசுக்குக் கேடு, பெரிய புழு எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும், மருந்து எட்டாது. (எங்கள் பக்கம் புழு மிச்சம் வைத்தாலும் காட்டுப்பன்றி வைக்காது, அது தனிக் கதை.)

பண்ணைக்காட்டான்:
எண்ணினேன் அக்கா, நூற்றுக்கு ஏழெட்டுதான். மணல் போட்டாச்சு. இதிலேயே விதைக்கு எடுக்கலாமா?

கோத்தகிரி அக்கா:
எடுக்கலாம், புழு கடித்தும் நல்ல கதிர் விட்ட செடிகளாகப் பார்த்து, ஒன்றிரண்டில் நிறுத்தாமல் நிறையச் செடியிலிருந்து. ஆனால் பக்கத்து ஹைபிரிட்டின் மகரந்தம் காற்றில் வந்து கலந்துவிடும். அவர்கள் எப்போது விதைத்தார்கள்? உங்களுடையதும் அதுவும் ஒரே சமயத்தில் பூத்தால், இந்த வருஷக் கதிரைச் சுட்டுத் தின்றுவிட்டு, விதைக்கு வீட்டில் இருக்கும் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.