நாட்சம்பள மேசனுக்கு ஈ.பி.எப். கழிக்கிறது நியாயமோ?

மட்டக்கோல்:
நல்லூர்ப் பக்கம் ஒரு வீடு கட்டுற வேலை. ஐஞ்சு மேசன், நாலு கையாள், எல்லாருக்கும் நாட்சம்பளம். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கழிக்கோணும் எண்டதும், "அரச திணைக்களத்தில நிரந்தரமா நிக்கிறவைக்கு இது இல்லை, பென்சனும் வருது. எங்களுக்கு மட்டும் ஏன் வரி?" எண்டு கேக்கினம். என்ன சொல்லலாம்?

சைட்கணக்கு:
தம்பி, ஈ.பி.எப். வரியில்லை, அவையின்ர பேரில சேருற காசு. வருமான வரி ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான்: 2025 ஏப்ரல் தொடக்கம் மாதம் 150,000 ரூபா வரைக்கும் இல்லை. 200,000 எடுக்கிற இஞ்சினியர், அரசெண்டாலும் தனியாரெண்டாலும், 3,000 கட்டுவார்.
மேசனுக்கு நாள் 3,500, 22 நாள் எண்டு வையுங்கோ: 77,000. அதில 8 வீதம், 6,160, அவரிட்டக் கழியும். நீங்கள் 12 வீதம் 9,240, ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் 2,310 மேல போடோணும். கையில 70,840 போகும், உங்களுக்குச் செலவு 88,550. அந்த 12 வீதத்தையும் ஆளின்ர கூலியில வெட்டுறது சட்டவிரோதம். ஓவர்டைம் காசு கணக்கில வராது, சாப்பாட்டுப் பெறுமதி வரும்.

தூண்கம்பி:
பென்சன் விசயத்தில அவை சொல்லுறது சரி. நிரந்தர அரச ஊழியரும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்குக் கட்டுறார்தான், ஆனா அவருக்குப் பென்சன் உறுதி. வீதி அபிவிருத்தி அதிகார சபை மாதிரி அரச இடங்களில பென்சனுக்குப் பதிலா ஈ.பி.எப். தான்.
எனக்குப் பெரிய அநியாயமாத் தெரியிறது வேற. சதுர அடிக் கணக்கில வேலை குடுத்து, "அவர் உபஒப்பந்தகாரர்" எண்டு எழுதி ஈ.பி.எப். ஐத் தவிர்க்கிறது. இந்த நிதிக் காசை ஒழுங்காக் கட்டுற ஒப்பந்தகாரரின்ர கூலிச் செலவு 15 வீதம் கூட, விலை கோரலில அவர்தான் தோற்கிறார். துண்டு வேலையாளும் சட்டப்படி ஊழியர்தான். அமைய வேலையாளுக்கும் (தேவைக்கு மட்டும் கூப்பிடுறவர்) முதல் நாளிலேயே உரித்து உண்டு, வேலையில ஒராள் மட்டும் நிண்டாலும்.

மட்டக்கோல்:
காசு கட்டப் பிந்தினா என்ன, அண்ணை?

சைட்கணக்கு:
அடுத்த மாத முடிவுக்குள்ள கட்டோணும். பத்து நாள் வரைக்கும் பிந்தினா 5 வீதம் மேலதிகம், ஒரு வருசம் தாண்டினா 50 வீதம். வழமையாப் பிழைக்கிறது அடையாள அட்டை இலக்கம்தான். ஒரு எழுத்து மாறினாலும் காசு அவரின்ர கணக்கில ஏறாது, 55 வயசில எடுக்கப் போகேக்கதான் தெரியும். அட்டையைப் பாத்து நீங்களே எழுதுங்கோ, வரவுப் புத்தகத்தில ஒவ்வொரு நாளும் கையெழுத்து வாங்குங்கோ.